கத்னாவுக்கு முன் ஒரு கேள்வி: ரத்தம் உறையாமை நோய் பற்றி

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் கணக்கு வாசிப்பேன். எத்தனை பேருக்குக் கல்வி உதவி போயிற்று, எத்தனை விதவைகளுக்கு மாத உதவி போயிற்று என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்று கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஒரு நோயைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் பெயர் ஹீமோஃபிலியா. தமிழில் ரத்தம் உறையாமை நோய் என்று சொல்லலாம். நான் மருத்துவன் அல்ல. எங்கள் குடும்பத்தில் இந்த நோய் இருப்பதால் இருபத்தைந்து வருடங்களாக மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். என் பெரியம்மா மகனுக்கு சுன்னத் கல்யாணம் வைத்தார்கள். பந்தல் போட்டு, மாலை போட்டு, பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வந்து, ஒஸ்தா வந்து காரியத்தை முடித்தார். பகலில் ரத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள். இரவில் மறுபடியும் கசியத் தொடங்கியது. சாம்பல் வைத்தார்கள், துணி மாற்றினார்கள், ஓதி ஊதினார்கள். இரண்டாம் நாள் மாலை பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார்கள். பிள்ளை வழியிலேயே மௌத்தாகிவிட்டான்.

கண்ணேறு என்றார்கள் சிலர். ஒஸ்தாவின் கை சரியில்லை என்றார்கள் சிலர். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கே வரவில்லை. பெரியம்மாவைத்தான் அதிகம் பேசினார்கள். ராசியில்லாதவள் என்ற சொல் அவர் மௌத்தாகும்வரை அவர் கூடவே இருந்தது. அதற்கு முன்பே அவருடைய தம்பி, அதாவது என் மாமா ஒருவர், சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து அடிபட்டு, வயிறு வீங்கி இறந்திருந்தார். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பல வருடங்கள் கழித்து என் தங்கையின் மகன் நடக்கப் பழகியபோது முழங்கால் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினோம். வீக்கம் இரட்டிப்பானது. குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு என் தங்கையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்க அம்மா வழியில ஆம்பளைப் பிள்ளைங்க யாராவது ரத்தம் நிக்காம இறந்திருக்காங்களா?" அன்றுதான் என் உம்மா வாய் திறந்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோஃபிலியா என்று வந்தது. பெரியம்மா அப்போது உயிரோடு இருந்தார்கள். நான் போய் விவரம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப யாரு மேலயும் குத்தம் இல்லையா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

இனி நோயைப் பற்றிச் சொல்கிறேன். நம் உடம்பில் காயம் பட்டால் முதலில் ரத்தத்திலுள்ள தட்டணுக்கள் ஓடி வந்து ஓட்டையை அடைக்கின்றன. அது தற்காலிக அடைப்பு. அதை இறுக்கிக் கட்டுவதற்கு உறைகாரணிகள் என்ற புரதங்கள் வேண்டும். மருத்துவமனைகளில் ஃபேக்டர் என்பார்கள். அவற்றுக்கு எண்கள் கொடுத்திருக்கிறார்கள். சங்கிலிபோல் ஒன்று அடுத்ததை எழுப்பும். எட்டாம் காரணி குறைந்திருந்தால் ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாம் காரணி குறைந்திருந்தால் ஹீமோஃபிலியா பி. ஏ வகை, பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவருக்கு வருகிறது. பி வகை அதைவிடப் பல மடங்கு அரிது.

இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் மற்றவர்களைவிட வேகமாகக் கொட்டுவதில்லை. நீண்ட நேரம் நிற்காமல் கசிகிறது. தட்டணுக்களின் அடைப்பு இருப்பதால் முதலில் நின்றதுபோல் தெரியும். சில மணி நேரம் கழித்து அந்த அடைப்பு நெகிழ்ந்து மறுபடியும் தொடங்கும். என் பெரியம்மா மகனுக்கு நடந்தது அதுதான்.

காரணியின் அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான நோய். அடிபடாமலே மூட்டுகளுக்குள்ளும் தசைகளுக்குள்ளும் ரத்தம் கசியும். 1 முதல் 5 சதவீதம் வரை நடுத்தரம். அதற்கு மேல் 40 சதவீதத்துக்குள் இருந்தால் லேசானது. இந்த லேசான வகைதான் ஆளை ஏமாற்றும். பிள்ளை நன்றாக ஓடி விளையாடுவான். கத்னா செய்யும்போதோ பல் பிடுங்கும்போதோதான் முதன்முதலில் தெரியவரும்.

இது எப்படி வருகிறது? பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான். குறை இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். அவர் நோயைச் சுமப்பவராக, கேரியராக இருப்பார். அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர சரிபாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்கச் சரிபாதி வாய்ப்பு. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவனுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு கருவிலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. நோயுள்ள ஆணுக்குப் பிறக்கும் மகன்களுக்கு அவரிடமிருந்து இந்த நோய் போகாது. மகள்கள் எல்லோரும் கேரியராக இருப்பார்கள்.

ஆகவே இதில் தாயின் குற்றம் ஒன்றும் இல்லை. அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அல்ல. நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திருக்காது. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் வந்திருக்கும். ஒரு பெண்ணைப் பார்த்து ராசியில்லாதவள் என்று சொல்லும் நாவுக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை மாமியார்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சொந்தத்தில் நிக்காஹ் முடிப்பதால் வருகிறதா என்று பலர் கேட்கிறார்கள். நான் இப்போது சொன்ன ஹீமோஃபிலியா அதனால் வருவதில்லை. அந்நியத்தில் கட்டினாலும் கேரியரின் மகனுக்கு அதே சரிபாதி வாய்ப்புத்தான். ஆனால் பதின்மூன்றாம் காரணிக் குறைபாடு, கிளான்ஸ்மேன் என்ற தட்டணுக் குறைபாடு போன்ற அரிய ரத்தக்கசிவு நோய்கள் உண்டு. அவை தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் வருபவை. நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது அந்த வாய்ப்புக் கூடும். இவை ஆண் பெண் இருபாலருக்கும் வரும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள் கொடியில் ரத்தம் நிற்காமல் கசிவது பதின்மூன்றாம் காரணிக் குறைபாட்டின் முக்கியமான அடையாளம். அப்படிக் கண்டால் மஞ்சள் வைத்துக் காத்திருக்காதீர்கள்.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. வான் வில்லிபிராண்ட் என்றொரு நோய் உண்டு. 1926ஆம் ஆண்டு அதே பெயருடைய ஃபின்லாந்து மருத்துவர் ஓர் தீவுக் குடும்பத்தைப் பார்த்து எழுதினார். அந்தக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி மாதவிடாய் ரத்தப்போக்கிலேயே இறந்துபோனாள். நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு அதிகப் போக்கு இருந்தால் "அவ உம்மாவுக்கும் அப்படித்தான், எங்க வீட்டு உடம்பு அப்படி" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். குடும்பமே அப்படி என்றால் அதுதான் மருத்துவரிடம் போவதற்குக் காரணம். ஹனஃபி மத்ஹபில் பத்து நாள், ஷாஃபிஈ மத்ஹபில் பதினைந்து நாள் தாண்டினால் அது இஸ்திஹாளா என்று நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். தொழுகைக்கான சட்டத்தை ஆலிமிடம் கேட்கும் தாய், அதே நாளில் மருத்துவரிடமும் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். கேரியராக உள்ள பெண்களில் சிலருக்கும் காரணியின் அளவு குறைவாக இருக்கும். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த நோய் புதியதல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் கிதாபுத் தஸ்ரீஃப் நூலில் ஒரு கிராமத்து ஆண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். காயம் பட்டால் அவர்களுக்கு ரத்தம் நிற்காமல் உயிர் போய்விடுகிறது என்று அவர் குறித்து வைத்தார். நம்மைப் போலவே கத்னா செய்யும் யூதர்களிடமும் ஒரு பழைய செய்தி உண்டு. பாலஸ்தீனத்தில் உடன்பிறந்த நான்கு சகோதரிகள். முதல் மூவரின் பிள்ளைகளும் கத்னாவில் இறந்தார்கள். நான்காமவள் தன் பிள்ளையோடு வந்தபோது, இந்தப் பிள்ளைக்குச் செய்யாதே என்று அவர்களின் மார்க்க அறிஞர் தடுத்தார். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்திய தீர்ப்பு. பரிசோதனைக்கூடம் இல்லாத அந்தக் காலத்திலேயே, தாயின் சகோதரிகளின் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் அறக்கட்டளை பல வருடங்களாக ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கத்னா முகாம் நடத்துகிறது. மருத்துவரை வைத்துத்தான் நடத்துகிறோம். அதற்கான விண்ணப்பப் படிவத்தை எழுதியவன் நான். பிள்ளையின் பெயர், வயது, தகப்பனார் பெயர், பாட்டனார் பெயர், தெரு, மஹல்லா எல்லாம் கேட்டிருக்கிறேன். ரத்தத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. தாயின் வழியைப் பற்றி ஒரு வரி இல்லை. யார் வீட்டில் இந்த மௌத் நடந்ததோ, யார் தங்கை மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தானோ, அவனே அந்தக் கேள்வியை எழுத மறந்தான்.

போன வருட முகாமில் ஏழு வயதுப் பிள்ளை ஒருவனுக்குக் காலையில் கத்னா நடந்தது. இரவு பத்து மணிக்கு அவன் தாய்மாமன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். துணி நனைந்துகொண்டே இருக்கிறது என்றார். எனக்குக் கால்கள் தளர்ந்துவிட்டன. அந்த நேரத்திலேயே வண்டி எடுத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். என் தங்கை மகன் அங்கே மருந்து பெறுபவன் என்பதால் எங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பரிசோதனை செய்து ஃபேக்டர் ஊசி போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் அந்தத் தாய் என்னிடம் அழுதார். அவருடைய தம்பி சிறு வயதில் இதே போல இறந்தது அவருக்குத் தெரியும். புகுந்த வீட்டில் சொன்னால் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து சொல்லவில்லை. "யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அவர் மறைத்தது பயத்தினால். நான் கேட்காமல் விட்டது கவனக்குறைவினால். இரண்டில் எது பெரிய பிழை என்று எனக்குத் தெரியும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபியவர்கள் அவர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். அபூதாவூதில் வரும் இந்தச் செய்தியை நான் மாணவனாக ஓதினேன். கேட்காமல் செய்வதால் ஓர் உயிர் போகும் என்பதன் பொருள் அன்றிரவுதான் எனக்கு விளங்கியது.

எனவே இந்த வருடம் முதல் படிவத்தில் ஐந்து கேள்விகள் சேர்த்திருக்கிறோம்.

ஒன்று: பிள்ளைக்குத் தொப்புள் கொடி விழுந்தபோது, தடுப்பூசி போட்டபோது, பல் விழுந்தபோது ரத்தம் நெடுநேரம் நிற்காமல் இருந்ததா?

இரண்டு: காரணம் தெரியாமல் பெரிய நீலத் தடிப்புகள் அல்லது மூட்டு வீக்கம் வந்ததுண்டா?

மூன்று: அவன் அண்ணன் தம்பிகளுக்குக் கத்னாவின்போது ரத்தம் அதிகம் போனதா?

நான்கு: தாயின் சகோதரர்கள், தாயின் சகோதரிகளுடைய ஆண் பிள்ளைகள், தாயினுடைய தாய்மாமன்கள் ஆகியோரில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதா, அல்லது யாராவது சிறு வயதில் இறந்தார்களா?

ஐந்து: தாய்க்கே மாதவிடாயில், பிரசவத்தில், பல் பிடுங்கும்போது அதிகம் போனதுண்டா?

இந்தப் பகுதியைத் தாயே நிரப்ப வேண்டும். தனி அறையில் நம் மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவர் மட்டும் கூட இருப்பார். எழுதியது மருத்துவரைத் தவிர யாருக்கும் போகாது. ஒரு கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தாலும் ரத்த உறைவுப் பரிசோதனை செய்து, ரத்தநோய் மருத்துவர் பார்க்கும்வரை அந்தப் பிள்ளைக்குக் கத்னா கிடையாது. வழக்கமான உறைவுப் பரிசோதனை எல்லா வகையையும் காட்டிவிடாது. அதனால்தான் உங்கள் வாய்மொழி எங்களுக்கு அவ்வளவு முக்கியம். முகாம் முடிந்த அன்று இரவு முழுவதும் ஒரு வண்டியும் இரண்டு தொண்டர்களும் தயாராக இருப்பார்கள்.

நோயுள்ள பிள்ளைக்குக் கத்னாவே கூடாதா? தாங்க முடியாத பிள்ளைக்குத் தள்ளி வைக்கலாம் என்பதை நம் ஹஜ்ரத் இந்த மேடையிலேயே விளக்கினார்கள். சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் முன்பும் பின்பும் ஃபேக்டர் கொடுத்துப் பாதுகாப்பாகச் செய்யலாம். என் தங்கை மகனுக்கு ஒன்பது வயதில் அப்படித்தான் நடந்தது. பந்தல் போடவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் பிஸ்கட் கொடுத்தோம்.

வீட்டில் இப்படிப் பிள்ளை இருந்தால் சிலவற்றை மனதில் வையுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கூடாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி போடக் கூடாது. தடுப்பூசியை நிறுத்தாதீர்கள், தோலுக்கடியில் போடச் சொல்லி, போட்ட இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். ஹிஜாமா வேண்டாம். வீங்கிய மூட்டை நீவ வேண்டாம். அசையாமல் வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்து, உயர்த்தி வைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். வீக்கம் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் குறுகுறு என்கிறது என்று பிள்ளை சொன்னாலே அவனை நம்புங்கள், அவனுக்குத்தான் முதலில் தெரியும். தலையில் அடிபட்டால் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அவசரம். முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். மருத்துவர் அனுமதித்தால் நீச்சல் நல்லது. தசை உறுதியாக இருந்தால் மூட்டு தாங்கும்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். நம் மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. கசிந்த பிறகு போடுவதைவிட, கசியாமல் இருக்க முறையாக வாரம் இரண்டு மூன்று முறை போட்டுக்கொள்வது மூட்டைக் காப்பாற்றும். ஏ வகைக்கு எமிசிசுமாப் என்ற மருந்தும் வந்திருக்கிறது. அதைத் தோலுக்கடியில் போடுகிறார்கள். வாரம் ஒருமுறையிலிருந்து மாதம் ஒருமுறை வரை போதும். 2024 டிசம்பரில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், கடுமையான ஏ வகை நோயுள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை செய்து பலன் கண்டதை உலக மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியா சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க நம் அலுவலகம் உதவும். மருத்துவமனைக்குப் போய்வரும் பயணச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க நிர்வாகக் குழு ஒப்புதல் தந்துவிட்டது. உதவி பெறுவோரின் படமோ பெயரோ இந்த மலரில் வராது.

என் தங்கை மகனுக்கு இப்போது இருபத்தாறு வயது. இடது முழங்கால் முழுதாக மடங்காது. நாற்காலியில் அமர்ந்து தொழுவான். ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். அவனுக்குப் பெண் பார்க்கிறோம். நோயை மறைக்காமல் சொல்லித்தான் பார்க்கிறோம். இரண்டு வீட்டார் திரும்பிப் போனார்கள். மூன்றாவது வீட்டார் யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். துஆ செய்யுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடம், உம்மாவின் உம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். நம் வழியில் சின்ன வயதில் இறந்த ஆண் பிள்ளைகள் யார், எப்படி இறந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அழுதால் அழ விடுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் அதைச் சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.